ஸ்டெப்னி பேட்டரி

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கிற கேள்வி இது: "கூட ஒரு பேட்டரி வாங்கி டிக்கியில போட்டு வச்சுக்கிட்டா என்ன? வழியில சார்ஜ் தீர்ந்தா மாத்திக்கலாம்ல?"

நியாயமான கேள்விதான். டார்ச்சுக்கு ரெண்டு செல் கூடவே வாங்கி வைக்கிறோம். போனுக்குப் பவர் பேங்க் வைத்திருக்கிறோம். வண்டிக்கு மட்டும் ஏன் கூடாது? வண்டி விமர்சனம் செய்கிற வீடியோக்களிலும் இது ஒரு பிளஸ் பாயிண்டாகவே வருகிறது. "இதுல பேட்டரியைக் கழற்றலாம்" என்று ஒரு வாக்கியம். உடனே அடுத்த வாக்கியம், "இன்னொண்ணு வாங்கி வச்சுக்கிட்டா ரேஞ்ச் டபுள்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது என்பது என் கட்சி. கழற்றக்கூடிய பேட்டரி வேறு, சுமந்து திரிகிற பேட்டரி வேறு. முதலாவது நம் ஊர்களில் லட்சக்கணக்கான பேருக்கு அவசியம். இரண்டாவது பெரும்பாலும் வீண் செலவு, சில நேரம் ஆபத்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டெப்னி ஏன் போனது?

கூடுதல் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. 1904 வாக்கில் அங்கே டேவிஸ் சகோதரர்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றி மாட்ட முடியாது. பஞ்சர் ஆனால் தெருவிலேயே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். இவர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வ வைத்தார்கள். வண்டி வீடு போய்ச் சேர்ந்தது. அந்தச் சக்கரம் வழக்கொழிந்துபோனது, பெயர் மட்டும் நம்மூரில் தங்கிவிட்டது.

பஜாஜ் சேதக், லாம்ப்ரெட்டா காலத்து ஸ்கூட்டர்களில் ஸ்டெப்னி இருந்தது. இன்று ஓடுகிற கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. பஞ்சர் ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, ஆணி இன்றைக்கும் ரோட்டில்தான் கிடக்கிறது. மாறியது இரண்டு விஷயம். ஒன்று, ட்யூப்லெஸ் டயர்: ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிடலாம். இரண்டு, அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு பஞ்சர் கடை இருக்கும். வேப்ப மரத்தடி, ஒரு காற்றடிக்கும் மிஷின், தொங்கவிட்ட பழைய டயர். வேலை வண்டியிலிருந்து தெருவுக்கு மாறிவிட்டது. வண்டி சுமந்துகொண்டிருந்ததை ஊர் ஏற்றுக்கொண்டது.

ஸ்டெப்னியின் இந்தக் கதையை வைத்துத்தான் கூடுதல் பேட்டரியையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வண்டி எதையாவது கூடுதலாகச் சுமக்கிறது என்றால், அந்த வேலையைச் சாலை இன்னும் செய்யவில்லை என்று அர்த்தம். கூடுதல் பேட்டரியை வண்டியின் சிறப்பு அம்சமாக விற்பது, பஞ்சர் கடை இல்லாத ஊரில் ஸ்டெப்னியைச் சிறப்பு அம்சமாக விற்பது மாதிரி. பொய் இல்லை. ஆனால் யாருடைய குறையை யார் காசு கொடுத்து ஈடுகட்டுகிறார்கள் என்பது அதில் மறைந்துபோகிறது.

ரிசர்வ் என்ற பழக்கம்

நம் மனதில் இருக்கிற "கூடுதல்" என்பதன் அளவு பெட்ரோல் வண்டியிலிருந்து வந்தது. பழைய பைக்குகளில் ரிசர்வ் குமிழ் இருக்கும். வண்டி திக்கித் திணறும்போது கையைக் கீழே விட்டு அதைத் திருப்பினால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அதுவும் தீர்ந்தால் வண்டியைச் சாய்த்து ஓட்டுவோம். அதற்கும் மேலே போனால் யாராவது பாட்டிலில் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

அந்த ஒரு லிட்டரை ஒரு பேட்டரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. அதற்குள் ஏறக்குறைய 9 யூனிட் அளவு சக்தி இருக்கிறது. (யூனிட் என்றால் நம் இ.பி. கார்டில் வருகிற அதே யூனிட், 1 கிலோவாட் அவர்.) என்ஜின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்த பிறகும் ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் போகும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வீணடிப்பது குறைவு, கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் அவர்தான் கேட்கும். அப்படிப் பார்த்தால் 45 கிலோமீட்டருக்கு 1.35 யூனிட் போதும். ஆனால் கவசப் பெட்டி, வயர், சர்க்யூட் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ பேட்டரியில் அடங்குவது 150 வாட் அவர் அளவுக்குத்தான். 1.35 யூனிட்டுக்கு 9 கிலோ ஆகிவிடும்.

முக்கால் கிலோ எங்கே, 9 கிலோ எங்கே! கடையில் விற்கிற கழற்றும் பேட்டரிகள் பலவும் 10, 12 கிலோ இருப்பதற்கு இதுதான் காரணம். பத்து கிலோ அரிசிப் பையை எப்போதும் டிக்கியில் வைத்துக்கொண்டு திரிவது மாதிரி. அந்த அரிசிப் பை வந்ததும் ஹெல்மெட், மழைக்கோட்டு, காய்கறிப் பை எதற்கும் இடமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "எடை கூடினால் ரேஞ்ச் குறைந்துவிடும், அதனால் பிரயோஜனம் இல்லை" என்று சிலர் வாதிடுகிறார்கள். அது சரியில்லை. வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ இருக்கும்போது 11 கிலோ கூடினால் 6 சதவீதம்தான். அதுவும் முழுசாகத் தூரத்தில் பிடிபடாது, ஏனென்றால் வேகமாகப் போகும்போது சக்தியைத் தின்பது முக்கியமாகக் காற்றின் தடை. எடை தின்கிற தூரத்தைவிட அந்தப் பேட்டரி கொடுக்கிற தூரம் எத்தனையோ மடங்கு அதிகம். கூடுதல் பேட்டரி மீதான என் விமர்சனம் அது வேலை செய்யாது என்பதல்ல. வேலை செய்யும். அதற்குக் கொடுக்கிற விலைதான் பிரச்சினை.

காற்றின் தடை என்று சொன்னேன் இல்லையா, உண்மையான ரிசர்வ் அங்கேதான் இருக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இருக்கிற தடை 40-க்கு வந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். சார்ஜ் 15 சதவீதம் என்று காட்டும்போது வேகத்தை 40-க்குக் குறைத்தால், அதே சார்ஜில் கணிசமாக அதிக தூரம் போகலாம். எக்கோ மோடு என்று வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான் நமக்காகச் செய்கிறது. பழைய ரிசர்வ் குமிழ் மாதிரியே இதற்கும் காசு இல்லை, எடை இல்லை. வலது கை மணிக்கட்டில் இருக்கிறது.

நிறைந்திருந்தால் கெடும்

பெட்ரோல் பாட்டிலுக்கும் பேட்டரிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. கூடுதல் பேட்டரி என்ற யோசனையையே உள்ளிருந்து அரிக்கிற வித்தியாசம் இது.

லித்தியம் அயான் பேட்டரி ஓட்டினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும். சும்மா வைத்திருக்கும்போது எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வெப்பம், சார்ஜ் அளவு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் உள்ளே நடக்கிற வேண்டாத வேதிவினைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சார்ஜ் நிறைய இருந்தாலும் அப்படித்தான். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய பேட்டரியைப் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் போடுவதற்குக் காரணம் இது.

இப்போது ஸ்பேர் பேட்டரியை நினைத்துப் பாருங்கள். ஸ்பேர் என்றால் எப்போதும் முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது ஸ்பேரே இல்லை. அது இருக்கிற இடமோ சீட்டுக்கு அடியில். சித்திரை மாத மதியத்தில் ஆபீஸ் வாசலில், நிழல் இல்லாத பார்க்கிங்கில், கறுப்பு சீட்டுக்குக் கீழே. பேட்டரியைக் கெடுப்பதற்கு என்னென்ன செய்யக்கூடாதோ அத்தனையையும் ஒன்றாகச் செய்வதற்குப் பெயர்தான் ஸ்பேர் பேட்டரி வைத்திருப்பது. என்றைக்கோ ஒருநாள் தேவைப்படும் என்று வைத்திருந்தது, அந்த நாள் வருவதற்குள் கிழடாகியிருக்கும். ஸ்டெப்னி டயர்கூட வருஷக்கணக்கில் கிடந்தால் ரப்பர் வெடிக்கும்தான். ஆனால் டயரின் விலையையும் பேட்டரியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

நிறைந்த பேட்டரி கொஞ்சம் கோபக்கார பேட்டரியும்கூட. சரக்கு விமானத்தில் தனியாக அனுப்பப்படுகிற லித்தியம் அயான் பேட்டரிகளில் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச விதி இருக்கிறது. உள்ளே சக்தி குறைவாக இருந்தால், ஏதாவது கோளாறு வந்தாலும் தீ பரவுகிற வேகம் குறையும் என்பதுதான் அதன் தர்க்கம்.

ரெண்டு இருந்தா ரெண்டையும் ஓட்டு

சரி, ஒருவரிடம் இரண்டு பேட்டரி வாங்கப் பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒன்று தீர்ந்த பிறகு இன்னொன்று என்று ஓட்டுவது நல்லதா, இரண்டையும் சேர்த்து ஓட்டுவது நல்லதா?

பள்ளிக்கூட பிசிக்ஸ் போதும். பேட்டரிக்கு உள்தடை உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை அந்தத் தடையோடு பெருக்கினால் வருவது உள்ளே வீணாகிற வெப்பம். மோட்டார் 40 ஆம்பியர் கேட்கிறது. ஒரே பேட்டரி 40-ஐயும் கொடுத்தால் ஒரு அளவு வெப்பம். இரண்டு பேட்டரிகள் தலைக்கு 20 கொடுத்தால், ஒவ்வொன்றிலும் அதில் கால் பங்கு வெப்பம். இரண்டையும் கூட்டினாலும் பாதிதான். அதோடு, பேட்டரியை அடிவரை காலி செய்து நிரப்புவதைவிட, பாதி வரை ஓட்டி நிரப்பினால் ஆயுள் கூடும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் தினசரி பயணத்தில் எதுவுமே அடிவரை காலியாகாது.

ஆக, இரண்டு பேட்டரி வைத்திருப்பவருக்கு அறிவியல் சொல்கிற புத்தி: ஒன்றை ஸ்பேராக வைக்காதே. ஹீரோவின் விடா வண்டிகளில் வி1 மாடல் 2022-இல் கழற்றக்கூடிய இரண்டு பேட்டரிகளோடு வந்தது. இரண்டுமே வண்டியின் பேட்டரிதான், ஸ்பேர் என்று எதுவும் இல்லை. சரியான வடிவமைப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இரண்டு பேட்டரியை வயர் போட்டுச் சேர்த்துவிட வேண்டாம். முழு சார்ஜில் இருக்கிற ஒரு 48 வோல்ட் லித்தியம் பேட்டரி உண்மையில் 54 வோல்ட்டுக்கு மேல் காட்டும். காலியானது 42 வோல்ட் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டையும் நேரடியாக இணைத்தால் 12 வோல்ட் வித்தியாசம். உள்தடையோ ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்த நொடியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நூறு ஆம்பியர் அளவுக்குப் பாயலாம். இதைத் தடுத்து, இரண்டையும் சமன்படுத்தி ஓட்டுவதற்குத் தனி எலக்ட்ரானிக்ஸ் வேண்டும். அது வண்டியோடு வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். "நான் செஞ்சு தரேன் சார், கம்பெனி விலையில பாதிதான்" என்று வெளியில் கட்டித் தருகிற பேட்டரியில் அது இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு பாண்டிச்சேரி கணக்கு

விலைக்கு வருவோம். 2022-இல் சிம்பிள் எனர்ஜி நிறுவனம் தன் சிம்பிள் ஒன் ஸ்கூட்டருக்கு, டிக்கியில் வைக்கிற 1.6 யூனிட் கூடுதல் பேட்டரி ஒன்றை அறிவித்தது. வண்டியின் சொந்த பேட்டரி 4.8 யூனிட். அதற்கு 236 கிலோமீட்டர் என்று சொன்னவர்கள், இதையும் சேர்த்தால் 300-ஐத் தாண்டும் என்றார்கள். விலை வித்தியாசம் ஏறக்குறைய 35,000 ரூபாய். பேச்சுக்கு அந்தத் தொகையையே எடுத்துக்கொள்கிறேன்.

1.6 யூனிட் என்பது நிஜ ரோட்டில் 50 கிலோமீட்டர் சொச்சம். சென்னைக்குள் தினமும் 30, 40 கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு 3 யூனிட்டுக்கு மேலே இருக்கிற எந்த வண்டியும் போதும், கூடுதல் பேட்டரிக்கு வேலையே வராது. வேலை வருவது பாண்டிச்சேரி மாதிரி பயணத்துக்கு. ஈ.சி.ஆரில் 150 கிலோமீட்டர். ஒரு தடவை சார்ஜில் 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 50 குறைகிறது. கூடுதல் பேட்டரி அதைச் சரியாக நிரப்பிவிடும்.

வருஷத்துக்கு ஆறு தடவை அப்படிப் போகிறார் என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் 30 பயணம். 35,000-ஐ 30-ஆல் வகுத்தால், ஒரு பயணத்துக்கு 1,100 ரூபாய்க்கு மேல். அந்த 50 கிலோமீட்டருக்காக! அரசு பஸ்ஸில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஒருவர் போய் வருகிற காசைவிட இது அதிகம். அல்லது, மாமல்லபுரத்திலோ அதைத் தாண்டியோ சாப்பிட நிற்கும்போது வேக சார்ஜரில் முக்கால் மணி நேரம் போட்டால் அதே 50 கிலோமீட்டர் ஏறிவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஏறுகிற சார்ஜுக்கு எடை கிடையாது.

"அங்க சார்ஜர் வேலை செய்யலைன்னா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு 35,000 ரூபாயைப் பதிலாகக் கொடுக்க வேண்டியவர் வண்டி வாங்கியவரா, சார்ஜர் நிறுவியவரா?

எலக்ட்ரிக் சைக்கிள் விஷயம் மட்டும் வேறு. 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் 360 வாட் அவர், எடை இரண்டரை கிலோ பக்கம். மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 வாட் அவர் போதும் என்பதால் இன்னொரு 35 கிலோமீட்டர் கிடைக்கும். பையில் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தாலும் மிதித்து வீடு வந்துவிடலாம். நீண்ட தூரம் போகிற சைக்கிள்காரர் கூடுதல் பேட்டரி வைத்திருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாடிப்படியில்தான் விஷயம்

இதுவரை சுமந்து திரிகிற பேட்டரியைத் திட்டினேன். இனி கழற்றக்கூடிய பேட்டரிக்காகப் பேச வேண்டும், ஏனென்றால் அதைத் தேடி வருகிற பலருக்கு நெடுஞ்சாலை ஒரு பொருட்டே இல்லை. அவர்கள் பிரச்சினை மூன்றாவது மாடி.

சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி கீழே, வீடு மேலே. கீழே இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட் மோட்டார் ரூமில், சாவி வீட்டு ஓனரிடம். "வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கலாமா சார்?" என்றால், "கரண்ட் பில் எகிறிடும்பா" என்கிறார். அவர் பயத்தில் எவ்வளவு உண்மை? ஒரு கழற்றும் பேட்டரி முழுக்க ஏற ஏறக்குறைய 2 யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்று ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் 1.8 யூனிட். அவ்வளவுதான். ஒரு ஃபேன் ஓடுகிற கரண்டில் ஒருவர் ஆபீஸ் போய் வந்துவிடலாம். இது ஓனருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. அதனால் பேச்சுவார்த்தை அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.

இருக்கிற மின் இணைப்பிலேயே வீட்டிலும் ஆபீசிலும் வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. கட்டடங்களில் வாகன நிறுத்த இடத்தில் 20 சதவீதம் சார்ஜிங் வசதியோடு இருக்க வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகளில் 2019-இல் திருத்தம் வந்தது. இரண்டும் காகிதத்தில் நல்ல விஷயங்கள். மாதிரி விதி என்பது மாநிலங்களுக்கான யோசனை, அதுவும் இனி கட்டப்போகிற கட்டடத்தைப் பார்த்துப் பேசுகிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய மூன்று மாடி வீட்டில், வாடகைக்காரருக்கு மோட்டார் ரூம் சாவி கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அதனால் பேட்டரி மாடி ஏறுகிறது. 11 கிலோ, மூன்று மாடி, தினமும். இளவட்டங்களுக்குப் பரவாயில்லை. முட்டி வலிக்காரருக்கோ, கைக்குழந்தையும் பையுமாக வருகிற அம்மாவுக்கோ அது தினசரி தண்டனை. இருந்தாலும், இவர்களுக்கு இந்த வண்டி சாத்தியமாவதே பேட்டரி கழற்ற வருவதால்தான். கழற்றக்கூடிய பேட்டரியின் மதிப்பு இங்கே இருக்கிறது. இவர்களுக்கு ஒரு பேட்டரி போதும், இரண்டாவது தேவையே இல்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ஹோண்டாவின் ஆக்டிவா இ: எனக்கு விசித்திரமாகப் படுகிறது. 2024 நவம்பரில் அறிமுகமான அந்த வண்டியில் தலா 1.5 யூனிட் பேட்டரிகள் இரண்டு, இரண்டுமே கையால் கழற்றக்கூடியவை. ஆனால் வீட்டில் சார்ஜ் போட முடியாது. கம்பெனியின் மாற்று நிலையத்துக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். நிலையம் இருக்கிற நகரங்களில் இது வசதி. நிலையம் பக்கத்தில் இல்லாதவருக்கு, கழற்ற முடிந்தும் பயன் இல்லாத இரண்டு பேட்டரிகள்.

வாசலை மறிக்கிற தீ

பேட்டரி மாடி ஏறும்போது ஆபத்தும் கூடவே ஏறுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் தெலங்கானாவின் நிஜாமாபாதிலும் ஆந்திராவின் விஜயவாடாவிலும், வண்டியிலிருந்து கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த பேட்டரிகள் வெடித்து ஆளுக்கு ஓர் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்புத் தரம் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் பற்றிக்கொண்டால் மற்றவற்றுக்குப் பரவுவதைப் பற்றிய சோதனையும் அதில் உண்டு. வண்டியோடு வருகிற பேட்டரிக்கு இந்தச் சோதனைகள் உண்டு. வெளியில் கட்டி வாங்குகிற ஸ்பேருக்கு யார் சோதனை செய்வது?

இரண்டாவது பேட்டரியை லட்சக்கணக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரத்தைப் பார்க்கலாம். அங்கே உணவு டெலிவரி செய்கிறவர்கள் எலக்ட்ரிக் சைக்கிளில் நாள் முழுக்க ஓடுகிறார்கள். ஒரு பேட்டரி போதாது, அதனால் பலரிடம் இரண்டு. புதியது விலை அதிகம், அதனால் பழைய செல்களை எடுத்துக் கட்டிய பேட்டரிகளும் புழக்கத்தில் இருந்தன. சார்ஜ் போடுவது நெருக்கமான அடுக்குமாடி வீட்டுக்குள், பெரும்பாலும் வாசல் பக்கத்தில். 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் அயான் பேட்டரித் தீயில் அந்த நகரத்தில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே நகர நிர்வாகம், பாதுகாப்புச் சான்று இல்லாத பேட்டரி விற்பதையும் பழைய செல்லில் பேட்டரி கட்டுவதையும் தடை செய்தது. 2024-இல் டெலிவரி தொழிலாளர்களுக்காகத் தெருவிலேயே சார்ஜ் போடவும் பேட்டரி மாற்றவும் சோதனை நிலையங்களைத் திறந்தது. ஸ்பேர் பேட்டரியைப் படுக்கையறையிலிருந்து எடுத்து, இருக்க வேண்டிய இடத்தில், தெருவில் வைத்தார்கள்.

தைவானில் கொகோரோ 2015-இலிருந்து செய்துவருவதும் அடிப்படையில் இதுதான். நிலையத்தில் போய்க் காலியானதைச் செருகினால், நிறைந்தது வெளியே வரும். அங்கேயும் கூடுதல் பேட்டரி உண்டு, ஆனால் ஊருக்குப் பொதுவாக. அது வெயிலில் சீட்டுக்கு அடியில் வேகவில்லை. வெப்பத்தையும் சார்ஜ் அளவையும் கவனிக்க ஒரு நிறுவனம் பொறுப்பு. கெட்டால் கம்பெனிக்கு நஷ்டம், ஓட்டுகிறவருக்கு இல்லை. மாதச் சந்தா கட்ட வேண்டும், அந்த நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டும் என்ற குறைகளும் உண்டு. நாள் முழுக்க ஓடுகிற டெலிவரி ஊழியருக்கு அந்தக் குறைகளோடும் அது லாபம். தினமும் 30 கிலோமீட்டர் போகிறவருக்குத் தேவையில்லை.

அப்படியானால் ஸ்பேர் வாங்கலாமா என்று கேட்கிறவருக்கு என் பதில் இதுதான். டெலிவரி வேலை என்றால் சொந்தமாக இரண்டாவது வாங்காமல், மாற்று நிலையம் இருக்கிற சேவையைத் தேடுங்கள். எப்போதாவது தூரம் போகிறவர் என்றால் சாப்பாட்டு நேரத்தைச் சார்ஜருக்குப் பக்கத்தில் வையுங்கள். தூரம்தான் முக்கியம் என்றால் முதலிலேயே பெரிய பேட்டரி வண்டியாக வாங்குங்கள். மாடி வீடு என்றால் கழற்றுகிற பேட்டரி வண்டி வாங்குங்கள், ஒன்று போதும். சார்ஜ் போடும்போது படுக்கையறையிலும், தப்பித்து ஓட வேண்டிய வாசலிலும் வைக்காதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு சார்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால், வீட்டு ஓனரிடம் இன்னொரு தடவை பேசிப் பாருங்கள். ஃபேன் கணக்கைச் சொல்லுங்கள். கீழே ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட், ஒழுங்கான எர்த், ஒரு எம்சிபி, யூனிட் பார்க்க ஒரு சப் மீட்டர். ஸ்பேர் பேட்டரி விலையில் சிறு பங்கில் முடிகிற எலக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் காலி பண்ணிப் போன பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவருக்கும் அது உதவும்.